க்வென்டாவும் மிச்சக் கோப்புகளும்

க்வென்டா பாஸ்கோ மேக் கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் டீ வேண்டுமா என்று கேட்பார்கள். அவள் அதற்குப் பதில் சொல்லாமல், "இந்த மேக்ல இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க? போட்டு மறந்ததையும் சேத்துச் சொல்லுங்க" என்பாள். "நாங்க ஒண்ணுமே போடலையே" என்பார் வீட்டுக்காரர். எங்கள் சின்ன ஊர் ஜேம்ஸ்டவுனில் எல்லா வீட்டிலும் இதே பதில்தான். டாக்டர் முன்னால் உட்கார்ந்து "நான் பீரே தொடறதில்ல" என்று சொல்கிறவரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். க்வென்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில், என்றோ விற்றுவிட்ட பிரிண்டரின் மிச்சம், இலவசம் என்று இறக்கிய வீடியோ சமாசாரத்தின் மிச்சம், மச்சினன் ஒருநாள் சீட்டு ஆடிவிட்டுப் போனதின் மிச்சம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. ப்ரோக்ராமின் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டால் அது ஒழிந்தது என்று நினைப்பார்கள். விருந்தாளி கிளம்பிவிட்டார், வாஸ்தவம். அவருடைய செருப்பும் சீப்பும் அழுக்குத் துணியும் உள்ளேதான் கிடக்கும். அவற்றையெல்லாம் மேக் யார் கண்ணிலும் படாத ஒரு ஃபோல்டரில் பூட்டி வைத்திருக்கும். சனியன் தொலையட்டும் என்று புது மேக் வாங்கினாலும் விமோசனம் இல்லை. பழையதிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றும்போது இந்தக் குப்பையும் சமர்த்தாகக் கூடவே ஏறி வந்துவிடும்.

க்வென்டா இதையெல்லாம் கற்றது உள்ளூர்ப் பத்திரிகையில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பக்கம் அமைக்கிற மேசையில் உட்கார்ந்தவள், பத்திரிகையை இழுத்து மூடுகிறவரைக்கும் அங்கேதான் இருந்தாள். ஆட்டுச் சந்தை விளம்பரம், கால்பந்து முடிவு, சாவு அறிவிப்பு எல்லாம் அவள் கைவழியாகத்தான் அச்சுக்குப் போயின. அச்சுக்குப் போகிற நாளில் மேக் மூச்சை நிறுத்தினால் அடிலெய்டிலிருந்து ஆள் வந்து சேர்வதற்குள் பத்திரிகை பழசாகிவிடும். அதனால் அவளே மூடியைத் திறந்து பார்த்து, திட்டி, தட்டிக் கற்றுக்கொண்டாள். பத்திரிகை போன பிறகு அதுவே பிழைப்பானது.

மிச்சம் வைப்பது அவளுக்குச் சுத்தமாக ஆகாது. கணவன் பாரி வேறொருத்தியோடு குவீன்ஸ்லாந்துக்குப் போனபோது, அவன் விட்டுப்போன தூண்டில், தொப்பி, சட்டை அத்தனையையும் அதே வாரம் பழைய சாமான் விற்கிற தர்மக் கடைக்கு வாரிக் கொடுத்துவிட்டாள். பாரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊரில் நாலு பேர் நடமாடினார்கள். அவளுக்கு அதுபற்றி ஒரு சங்கடமும் இல்லை.

ஆனால் மேக்கில் அவள் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாருகிறவள் அல்ல. சந்தேகப்பட்டதை முதலில் டெஸ்க்டாப்பில் 'மூலை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் நிறுத்திவைப்பாள், சேட்டைக்காரப் பையனை வகுப்பு மூலையில் நிறுத்துகிற மாதிரி. ஒவ்வொரு பெயரையும் வீட்டுக்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, இது யாருடையது என்று கேட்பாள். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடினால்தான் மூலையில் நிற்பவர்கள் தொட்டிக்குப் போவார்கள். இந்த முறையில் இத்தனை வருஷமும் ஒருவருக்கும் ஒன்றும் தொலைந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ரேலீன் ட்ரெலோர் ஃபோன் செய்தது மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரக் கடைசியில்.

"க்வென்டா, ரெக்ஸ் திக்கறான்."

"ரெக்ஸா?"

"அவனோட மேக்தான், வேற யாரு. 'குட்'னு சொல்லிட்டு நிக்குது. நான் போய் டீயே போட்டு எடுத்துட்டு வந்துடறேன், அப்பதான் 'மார்னிங்'னு முடிக்குது. வர்ற சனிக்கிழமை டீகனுக்குக் கல்யாணம். அப்பன்காரன் பேசணும். ஹால் முழுக்க ஜனம் இருக்கும். நீ வந்தே ஆகணும்."

ரெக்ஸ் ட்ரெலோரின் குரலைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆட்டுச் சந்தையில் ஏலம் விட்டவன். ஆட்டுப்பட்டி வேலியின் மேல் பலகையில் ஏறி நின்று அவன் வாயைத் திறந்தால், விலை கேட்க வந்தவன் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்க வந்தவனும் கையைத் தூக்கிவிடுவான். அந்த மனிதனுக்குத்தான் நரம்புகளை ஒவ்வொன்றாக அணைக்கிற அந்த நோய் வந்தது. முதலில் கை காலுக்குப் போகாமல் நேராக நாக்குக்கு வந்தது.

பேச்சு முழுதாகப் போவதற்குள் ரெக்ஸ் ஒரு காரியம் செய்தான். தினமும் சாயங்காலம் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான வாக்கியங்களை மேக்கிடம் வாசித்துக் கொடுத்தான். அதை வைத்து அவன் குரலையே ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. இப்போது ஒற்றை விரலால் தட்டினால் மேக் அவன் குரலில் பேசும். அசல் ரெக்ஸ்தான். கொஞ்சம் சளி பிடித்த ரெக்ஸ் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்தக் குரல் கூப்பிட்டால் ரேலீன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சமையலறையிலிருந்தே பதிலுக்குக் கத்துவாள். அவர்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து பேச்சுவார்த்தை அப்படித்தான்.

க்வென்டா போன மத்தியானம் ரெக்ஸ் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். ராத்திரி இருமலில் கண்ணே மூடவில்லையாம்.

"எழுப்பட்டுமா? நீதான் கேள்வி கேப்பியே" என்றாள் ரேலீன்.

"வேண்டாம். பாவம், தூங்கட்டும். நானே பாத்துக்கறேன். பேக்கப் இருக்கில்ல?"

"அதோ, பச்சை விளக்கு எரியுதே."

மேக்கில் இருப்பதற்கெல்லாம் பிரதி எடுத்து வைக்கிற டிஸ்க்கில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. க்வென்டா உட்கார்ந்தாள். திக்கலின் காரணத்தைச் சீக்கிரமே பிடித்துவிட்டாள். ரெக்ஸ் எப்போதோ, மேக்கைச் சுத்தமாக்கித் தருகிறேன் என்று பீற்றிக்கொண்ட ஒரு ப்ரோக்ராமைப் போட்டு, பிடிக்காமல் தொட்டியில் போட்டிருக்கிறான். அதன் எடுபிடி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. முதலாளி போய்ச் சேர்ந்து கடை மூடிய பிறகும் விடாமல் வந்து கதவைத் தட்டுகிற வேலையாள் மாதிரி, அது சில நொடிக்கு ஒருமுறை எழுந்து முதலாளியைத் தேடியது. ஒவ்வொரு தட்டலுக்கும் மேக் எல்லா வேலையையும் விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது. க்வென்டா அதை மூலையில் நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்தாள். மேக் பத்து வயது குறைந்ததுபோல் எழுந்து வந்தது.

வந்த வேலை அத்தோடு முடிந்தது. எழுந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போயிருக்கலாம். அவளால் முடியவில்லை. டிஸ்க்கில் இடம் குறைவாக இருந்தது, கை அரித்தது. மேலும் கிளறினாள். கேள்விப்பட்டிராத ஒரு கம்பெனியின் பெயரில் பெரிய ஃபோல்டர் ஒன்று கிடந்தது. அந்தப் பெயரில் ஒரு ப்ரோக்ராம்கூட மேக்கில் இல்லை. இணையத்தில் பார்த்தாள். கம்பெனியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள், பெயரும் போய்விட்டது. அனாதை என்று முடிவு கட்டினாள். ரெக்ஸிடம் பெயரைப் படித்துக் காட்டிக் கேட்க வேண்டும், அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பேசுகிற ப்ரோக்ராமைத் திறந்து பார்த்திருக்கலாம், சத்தத்தில் அவன் விழித்துக்கொள்வான் என்று அதையும் விட்டாள். அனாதையை மூலைக்குத் தள்ளினாள்.

"ரேலீன், 'மூலை'ன்னு ஒண்ணு இருக்கு பாரு, அத ஒரு வாரத்துக்குத் தொடாத" என்று போகும்போது சொன்னாள். ரேலீன் பூக்காரியோடு ஃபோனில் சண்டை போட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை ஃபோன் வந்தது.

"க்வென்டா, எங்க வீட்டுக்குள்ள ஒரு பொம்பளை இருக்கா."

"என்னது?"

"நீயே கேளு."

ஃபோனில் மணிமணியாக ஒரு பெண்குரல் வந்தது. மேக்கோடு கூடவே வருகிற, வங்கியில் வரிசையில் நிற்கச் சொல்கிற மாதிரியான குரல். "நான் ரெக்ஸ். இவ யாருன்னு எனக்குத் தெரியாது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா சவரம் பண்ணியிருப்பேன்."

பின்னாலிருந்து ரேலீன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டான் பாரு, என் கண்ணு முன்னாலயே. சரி, வந்து இவள அனுப்பிவை." க்வென்டாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரிய ஃபோல்டர் ஞாபகத்துக்கு வந்தது. மூலையில்தானே இருக்கிறது, எடுத்துப் போட்டால் போயிற்று என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

ரெக்ஸ் மேக் முன்னால் விழித்து உட்கார்ந்திருந்தான். டெஸ்க்டாப் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மூலையைக் காணவில்லை. தொட்டியும் காலி.

"ஹால்ல பெரிய திரையில இதக் காட்டப் போறாங்களாம்" என்றாள் ரேலீன். "அவன் தட்டறத எல்லாரும் படிக்கணும்னு டீகன் ஏற்பாடு பண்ணியிருக்கா. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால கண்டகண்டது கிடக்க வேண்டாம்னு நான்தான் நேத்து எல்லாத்தையும் தொட்டியில போட்டுக் காலி பண்ணேன். ஏன், என்ன?"

க்வென்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்த டிஸ்க்கைத் திறந்தாள். டீகனின் பள்ளிக்கூடப் படங்கள் மட்டும்தான் இருந்தன. டிஸ்க்கைச் செருகி வைத்திருந்தார்களே தவிர, பேக்கப்பை ஒருவரும் ஒருநாளும் தொடங்கவே இல்லை. அந்த ஃபோல்டரின் பெயரில் இருந்ததுதான் குரலைச் செய்த கம்பெனி. அதை வாங்கிப் பெயரை மாற்றியவர்களைக் கூப்பிட்டாள். ஒரு பையன் மரியாதையாக, பழைய குரல்களை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை மேடம், வாடிக்கையாளரிடமே இருக்கும் என்றான்.

ஃபோன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ரேலீனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

"அது அவன் குரலா? நான் காலி பண்ணது?" அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் பண்ணேனா? நீ தொடாதன்னுதான சொன்ன. நான் காதுல வாங்கல. ஐயோ, நான்தான் அவன் குரல அழிச்சுட்டேன்."

க்வென்டா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தொடாதே என்று அவள் சொன்னது நிஜம். காலி செய்தது ரேலீன் என்பதும் நிஜம். ஊரில் யார் கேட்டாலும் அவள் பக்கம்தான் பேசுவார்கள். எல்லா மேக்கும் இனியும் அவளிடமே வரும். அந்த எண்ணம் வந்துபோனதை அவள் பிற்பாடு மறுத்ததில்லை.

"நீ காலி பண்ணது நான் குப்பைன்னு எடுத்து வெச்சத" என்றாள். "அத எடுத்திருக்கவே கூடாது ரேலீன். பேர் தெரியல, அவன்கிட்ட கேக்கல, பேச வெச்சும் பாக்கல. திக்கல் அதுக்கு முன்னாலயே சரியாயிடுச்சு. நான் சும்மா இருக்க மாட்டாம நோண்டினேன். தப்பு என்னோடது."

ரேலீன் அவளைப் பார்த்தாள். கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது.

"ஊர்ல ஒருத்தர் வீட்டுல ஒரு துரும்பு மிச்சம் இருந்தா உனக்குத் தூக்கம் வராதா? பாரியோட சாமான வாரிப் போட்ட மாதிரி என் புருஷனையும் வாரிப் போட்டியா? உன் புருஷன் தானா போனான். என் புருஷன் போகலடி. இங்க உக்காந்திருக்கான்!"

க்வென்டாவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

ரெக்ஸின் விரல் மெதுவாக நகர்ந்தது. "ரேலீன், விடு. அவளத் திட்டாத" என்றது வங்கிக் குரல், அட்சரசுத்தமாக.

"அவள வாய மூடச் சொல்லு!" என்று ரேலீன் காதைப் பொத்திக்கொண்டாள். "நீ பேசறேன்னே தோணல எனக்கு. காலையிலேர்ந்து வீட்டுல யாரோ விருந்தாளி இருக்கற மாதிரி இருக்கு."

ரெக்ஸ் சத்தத்தை அணைத்துவிட்டுத் தட்டினான். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. 'சந்தை ஆபீஸ். என் பழைய மேக். அதுலதான் ரெக்கார்ட் பண்ணேன்.'

நம்பிக்கை வந்த வேகத்திலேயே க்வென்டாவுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த மேக்கையும் போன வருஷம் அவள்தான் சுத்தம் செய்தாள், அடியிலிருந்து நுனி வரைக்கும். செய்துமுடித்துத் தன் திறமையைத் தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருந்தது. இதை அவர்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. "போய்ப் பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழி முழுக்க அந்த மேக்கில் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவில்லை. ஆயிரம் மிச்சத்தை அள்ளியவளுக்கு எந்த மிச்சம் ஞாபகம் இருக்கும்!

அன்று சந்தை இல்லாத நாள். ஆபீஸ் கதவை நெருங்கியபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"டேய் டூகி! பூட்ஸ வெளிய கழட்டுடா. ஆட்டுப் புழுக்கையெல்லாம் உள்ள இழுத்துட்டு வர்றியே, உங்கம்மா வந்து பெருக்குவாளா?"

ரெக்ஸின் குரல். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். க்வென்டா அங்கேயே நின்றுவிட்டாள். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாரி போனபோதுகூட அவள் இப்படி அழவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ரெக்ஸுக்குப் பிறகு ஏலம் விடுகிற டூகி நீபோன், பூட்ஸ் போட்ட காலோடு பழைய மேக் முன்னால் உட்கார்ந்து தானே தட்டித் தானே திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கோழி திருடிப் பிடிபட்டவன்போல் எழுந்துகொண்டான். மற்றவர்கள் மெல்ல நழுவினார்கள்.

"க்வென்டா, ரெக்ஸ்கிட்ட சொல்லிடாத, ப்ளீஸ்."

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"அவன் வேலைக்கு வராம நின்னதுலேர்ந்து." டூகி தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டான். "கிண்டல் பண்றோம்னு நினைக்காத. காலையில அவன்கிட்ட ரெண்டு திட்டு வாங்கலேன்னா இங்க ஒருத்தனுக்கும் வேலை ஓடல. விலை இறங்கிப் போற நாள்ல 'தலையத் தூக்குங்கடா, பொணங்களா'ன்னு தட்டி விடுவோம். அவ்வளவுதான்."

"போன வருஷம் நான் இத முழுக்கத் துடைச்சேனே டூகி. இது எப்படித் தப்பிச்சுது?"

"இதுல ரெக்ஸ் பேர்ல இருந்த அக்கவுண்ட்ட அழிச்சே தீருவேன்னு ஒத்தக் கால்ல நின்ன நீ. பாஸ்வேர்ட் தெரியாதுன்னு புளுகினேன். சண்டை போட்டுட்டு டீகூடக் குடிக்காமப் போன. மறந்துட்டியா?"

மறந்தேவிட்டிருந்தாள். அன்று வீட்டுக்குப் போய், ஒரே ஒரு மிச்சத்தை விட்டுவைக்கச் செய்த டூகியைக் கண்டபடி வைததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரையின் அடியில் பழைய ப்ரோக்ராமின் படம், செத்துப்போன கம்பெனியின் பெயரோடு, சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அனாதை என்று அவள் தள்ளிய ஃபோல்டரும் உள்ளே முழுசாக இருந்தது. க்வென்டா அதை ஒன்றுக்கு மூன்றாகப் பிரதி எடுத்தாள். டூகி விஷயத்தைக் கேட்டு வெளிறிப்போய், நாலாவதாக ஒன்று தனக்கும் வேண்டும் என்றான். அதையும் எடுத்துக் கொடுத்தாள்.

ரெக்ஸின் வீட்டுக்குத் திரும்பி, ஃபோல்டரை இருந்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். ரேலீன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வரவில்லை. எங்கே கிடைத்தது என்று ரெக்ஸ் கண்ணாலேயே கேட்டான். டூகி கெஞ்சியதை மீறி க்வென்டா எல்லாவற்றையும் சொன்னாள், பூட்ஸையும் புழுக்கையையும் விடாமல். இனி எதையும் மறைக்கிற தெம்பு அவளிடம் இல்லை.

ரெக்ஸ் வெகுநேரம் தட்டினான்.

"நான் போனப்புறமும் எங்கிட்ட ஓசியில வேலை வாங்கறானுங்க, திருட்டுப் பயலுக" என்றான் ரெக்ஸ், சளி பிடித்த தன் சொந்தக் குரலில். "என் கமிஷன் எங்கன்னு கேளு."

ரேலீன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அழுகை. அவள் கணவன் தலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். க்வென்டா பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினாள். யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு அவளை அழைத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை ரேலீன் ஃபோன் செய்தாள். "வந்து மெஷின் பக்கத்துல உக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். க்வென்டா இருந்த நல்ல உடையை மாட்டிக்கொண்டு போய், மேசை ஓரத்தில், ரேலீனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரெக்ஸ் பேச்சைத் தொடங்கினான். மகளின் கெட்ட பழக்கங்களை ஒவ்வொன்றாக ஏலம் விட்டான். "முதல் உருப்படி, குளிக்கப் போனா வெந்நீர் மொத்தத்தையும் காலி பண்றது. யாருக்கு வேணும்? மாப்பிள்ளை கைய நான் இன்னும் பாக்கலையே. டேய் டூகி, நீ ஆசப்படாத, உனக்குக் குளிக்கற பழக்கமே இல்ல." ஹால் குலுங்கியது. மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கினான். டீகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்பா பேசுகிறார், அவ்வளவுதான் அவளுக்கு.

கடைசியில் ரெக்ஸ் நிறுத்தி, முன்பே எழுதி வைத்திராத ஏதோ ஒன்றை ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினான். பெரிய திரையில் எழுத்துகள் ஊர்ந்தன. ஹாலில் இரைச்சல் அடங்கியது. ரேலீனின் கை மேசைக்கு அடியில் வந்து க்வென்டாவின் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தது.

"டீகன் கண்ணு" என்றது குரல். "நீ பொறந்தப்ப உன் பேர முதல்ல சத்தமா சொன்னது நான்தான். இன்னிக்கும் சொல்லிட்டேன்."

டீகன் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து அப்பாவிடம் ஓடினாள். ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். ரேலீன் மட்டும் எழவில்லை, பிடித்த கையையும் விடவில்லை.

"நான் உன்ன இன்னும் மன்னிக்கல" என்றாள், அப்பாவையும் மகளையும் பார்த்தபடியே.

"தெரியும்."

"கைய எடுக்காத" என்றாள் ரேலீன்.

க்வென்டா எடுக்கவில்லை.